அண்ணப் பிளவு அறுவையின் இருநூறு ஆண்டுகள்: துளையை அடைத்தலும் ஒலியை மீட்டலும்

அறுவை மருத்துவ வரலாற்றில் மைசூருக்கு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது போரின் வழியே வந்தது. 1792இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. பின்னர் புனேயில் மரபுவழி அறுவையாளர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கிப் புதிய மூக்கை அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழ் இச்செய்தியைப் படத்துடன் வெளியிட்டது. ஐரோப்பிய ஒட்டறுவையின் மறுமலர்ச்சிக்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று.

இரண்டாவது இடம் 1965இல் உருவானது. அவ்வாண்டில்தான் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தொடங்கப்பட்டது. அறுவைக் கருவிக்கு அங்கே முதலிடம் இல்லை என்பதால், அறுவை வரலாறு எழுதுவோர் இந்நிறுவனத்தைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. ஆனால் குழந்தைகளின் அண்ணப் பிளவைச் சீர்செய்யும் அறுவை முறைகளை ஒப்பிட வேண்டுமானால், முதலாவதைவிட இந்த இரண்டாவது இடமே முக்கியமானது. மூக்கறுவையின் வெற்றியைக் கண் தீர்மானிக்கும். அண்ண அறுவையின் வெற்றியைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும். இந்த எளிய உண்மையை மருத்துவம் முழுமையாக ஏற்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஒவ்வொரு புதிய அறுவை முறையும் அந்த ஏற்பை நோக்கிய ஒரு படியாக இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. அண்ணமும் வல்லினமும்

தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களை எட்டாகக் கணக்கிடுகிறது: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். மெல்லினம் தனக்குரிய வல்லினத்தோடு பிறப்பிடத்தைப் பகிர்ந்துகொண்டு, மூக்குவழி வரும் வளியால் வேறுபடுகிறது என்பதையும் அவ்வியல் கண்டுணர்ந்திருக்கிறது. ப–ம, த–ந, ட–ண, க–ங ஆகிய இணைகளில் நாவோ இதழோ செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்குவது அண்ணத்தின் பின்பகுதி.

வாயின் மேற்கூரையில் முன்பகுதி எலும்பாலான வல்லண்ணம். பின்பகுதி தசையாலான மெல்லண்ணம். மெல்லண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொடும்போது மூக்குக்குச் செல்லும் வழி அடைபடுகிறது. வாயினுள் காற்றழுத்தம் சேர்ந்து வல்லினம் வெடிக்கிறது. மெல்லண்ணம் தாழ்ந்தால் காற்று மூக்கின் வழியே செல்ல, மெல்லினம் ஒலிக்கிறது. கருவில் இருபுறத்து அண்ணத் தகடுகளும் மூன்றாம் மாத முடிவுக்குள் நடுக்கோட்டில் இணைய வேண்டும். அவை இணையாமற்போவதே அண்ணப் பிளவு. உதட்டுப் பிளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறையுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது.

இதன் விளைவைத் தமிழ்க் குழந்தையின் முதற்சொற்களில் தெளிவாகக் காணலாம். ‘அம்மா’ என்ற சொல்லில் இருப்பது மெல்லினம். அண்ணம் பிளந்திருந்தாலும் அச்சொல் ஏறத்தாழச் சரியாகவே வரும். ‘அப்பா’, ‘அக்கா’, ‘தாத்தா’, ‘பாட்டி’ ஆகிய உறவுப் பெயர்களிலோ வல்லினம் இரட்டித்து நிற்கிறது. இரட்டித்த வல்லினத்துக்கு அழுத்தம் நீண்ட நேரம் தேங்க வேண்டும். மூக்கின் வழி திறந்திருக்கும்போது அது இயலாது. ‘அப்பா’ என்று சொல்ல முயலும் குழந்தையின் வாயிலிருந்து ‘அம்மா’வுக்கு நெருங்கிய ஒலி வரும். கன்னடக் குழந்தையின் ‘அப்ப’, ‘அக்க’, ‘அஜ்ஜி’ ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

சில குழந்தைகள் வேறொரு வழியைக் கண்டுபிடிக்கின்றனர். அழுத்தம் கசியும் இடத்துக்குக் கீழே, குரல்வளையிலேயே காற்றைத் தடுத்து வெடிக்கச் செய்கின்றனர். க, ட, த, ப எல்லாம் ஒரே குரல்வளை வெடிப்பொலியாக மாறிவிடுகின்றன. இப்பழக்கம் வேரூன்றிய பிறகு அண்ணத்தைத் தைத்தாலும் ஒலி தானாகத் திரும்பாது. ஏனெனில் இப்போது குறை உறுப்பில் மட்டுமில்லை. குழந்தை தனக்கென அமைத்துக்கொண்ட ஒலியமைப்பிலும் இருக்கிறது. அறுவை எந்த முறையில் என்ற வினா, அறுவை எந்த வயதில் என்ற வினாவிலிருந்து பிரியாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

2. தையலின் காலம்: 1816 முதல் 1861 வரை

சுச்ருத சங்கிதை காதுமடலையும் மூக்கையும் சீரமைக்கும் முறைகளை விளக்குகிறது. ஆயினும் அண்ணத்தைத் தைக்கும் அறுவை அந்த மரபிலிருந்து நேரடியாக வந்ததன்று. மூக்கு வெளியே தெரியும் உறுப்பு. அண்ணமோ வாயினுள், நாவுக்கு மேலே, எச்சிலும் குருதியும் கலக்கும் இருட்டில் இருக்கிறது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் அங்கே ஊசியைச் செலுத்துவதற்கு நோயாளியின் முழு ஒத்துழைப்பும் தேவைப்பட்டது. ஆகையால் நெடுங்காலம் வரை, துளையைத் தகட்டாலோ பஞ்சாலோ அடைப்பதே வழியாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாஸ் பாரே இத்தகைய அடைப்பான்களை விவரித்திருக்கிறார்.

1816இல் பெர்லினில் கார்ல் பெர்டினாந்து ஃபான் கிராஃபெ மெல்லண்ணப் பிளவைத் தைத்து மூடினார். இந்திய முறை உட்பட மூக்கறுவை முறைகளைத் தொகுத்து 1818இல் ‘ரைனோபிளாஸ்டிக்’ என்ற நூலை வெளியிட்டவரும் இவரே. மூக்கின் வரலாறும் அண்ணத்தின் வரலாறும் இவ்வாறு ஒரே கையில் சந்தித்தன. 1819இல் பாரிசில் ஃபிலிபேர் ரூ, கனடாவைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஜான் ஸ்டீபன்சனின் மெல்லண்ணத்தைத் தைத்தார். ஸ்டீபன்சன் 1820இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அளித்த இலத்தீன் ஆய்வேட்டின் பொருள் அவருடைய சொந்த அண்ணத்தின் அறுவையே. பின்னர் மான்ட்ரியால் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர்களுள் ஒருவராகவும் அவர் விளங்கினார்.

இக்கட்டத்தில் அறுவைக்கு உட்பட்டவர்கள் அசையாமல் அமர்ந்திருக்கக்கூடிய வளர்ந்தவர்களே. 1846–47இல் ஈத்தரும் குளோரோஃபார்மும் வந்த பிறகே குழந்தைகளுக்கு வழி திறந்தது. எலும்பாலான வல்லண்ணம் தனிச் சிக்கலாக நீடித்தது. அதைத் தீர்த்தவர் பெர்ன்ஹார்டு ஃபான் லாங்கன்பெக். 1861இல் அவர் வெளியிட்ட முறையில், பல்வரிசையை ஒட்டி இருபுறமும் கீறல் இடப்படுகிறது. சளிச்சவ்வும் அதன் அடியிலுள்ள எலும்புறையும் ஒரே மடலாக எலும்பிலிருந்து பெயர்க்கப்படுகின்றன. முன்னும் பின்னும் இணைப்பு அறாத அந்த மடல்கள் இரண்டும் நடுவே நகர்த்தப்பட்டுத் தைக்கப்படுகின்றன. எலும்புறையையும் சேர்த்தெடுத்ததால் குருதியோட்டம் காக்கப்பட்டது. தையல் பிரிவது குறைந்தது. 160 ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்பாட்டில் இருக்கும் முறை இது.

துளை அடைபட்டது. ஆனால் பேச்சு பலருக்கு அப்படியே இருந்தது.

3. நீளம் என்னும் வினா

பிராங்பர்ட்டின் குஸ்டாவ் பாசவான்ட் 1860களில் இதற்கான காரணத்தை ஆராய்ந்தார். தைக்கப்பட்ட அண்ணம் முழுமையாகத் தோன்றினாலும் குட்டையாக இருக்கிறது. அது தொண்டையின் பின்சுவரை எட்டுவதில்லை என்பது அவருடைய முடிவு. விழுங்கும்போதோ பேசும்போதோ சிலருக்குத் தொண்டைப் பின்சுவரில் எழும் மேடு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இதன்பின் அறுவையின் குறிக்கோள் மெல்ல மாறியது. அண்ணத்தை மூடினால் போதாது. பின்னோக்கித் தள்ளி நீட்டவும் வேண்டும் என்ற கருத்து உருவாயிற்று.

இக்கருத்தைச் செயல்முறை ஆக்கியவர்களுள் முதன்மையானவர் பாரிசின் விக்டர் வோ. மொழியியல் மாணவர்கள் இவருடைய பெயரோடு மற்றொரு பெயரையும் நினைவில் கொள்ள வேண்டும்: சுசான் போரெல்-மேசொன்னி. ஆய்வுக்கூட ஒலியியலின் முன்னோடியான ருஸ்லோவிடம் பயின்ற அவர், 1926 முதல் வோவின் நோயாளிகளுடைய பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்து வகைப்படுத்தினார், பயிற்சியும் அளித்தார். பிரான்சில் பேச்சுச் சிகிச்சை ஒரு துறையாக உருவானது இப்பணியிலிருந்துதான். 1931இல் வெளிவந்த வோவின் பெருநூல் அவருடைய ஒத்துழைப்புடன் எழுதப்பட்டது. அதன் துணைத்தலைப்பில் மூன்று சொற்கள் உள்ளன: உடற்கூறு, அறுவை, ஒலியியல்.

அத்துணைத்தலைப்பு ஒரு திருப்புமுனை. ஒலியியலர் ஒருவர் கேட்டுச் சொன்ன தீர்ப்பு, அறுவை முறையின் தகுதியை அளக்கும் கோலாக முதன்முறையாக அங்கே அமர்ந்தது. பிளவுற்ற அண்ணத்தில் தசைகள் குறுக்கே சென்று இணையாமல், முன்பின்னாக ஓடி வல்லண்ணத்தின் பின்விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன என்பதை வோ விரித்துரைத்தார். மூக்குப் பக்கத்துச் சவ்வையும் தனி அடுக்காகத் தைக்க வேண்டும் என்றார்.

1937இல் இங்கிலாந்தில் நியூகாசிலின் வார்டில்லும் லண்டனின் கில்னரும் தனித்தனியே இம்முறையை வளர்த்தனர். மடல்களின் முன் இணைப்பை அறுத்து, ஆங்கில ‘வி’ வடிவிலான கீறலை ‘ஒய்’ வடிவில் தைத்து அண்ணத்தையே பின்னுக்குத் தள்ளும் இம்முறை, வோ–வார்டில்–கில்னர் முறை எனப் பெயர்பெற்றது.

அதே 1937இல், அதே நியூகாசிலில், மயக்கவியல் மருத்துவர் ஃபிலிப் அயர், குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியே பாதுகாப்பாக மயக்கம் அளிக்கும் ‘டி’ வடிவக் குழாயை வெளியிட்டார். அயர் தாமே உதட்டுப் பிளவுடனும் அண்ணப் பிளவுடனும் பிறந்தவர். பேச்சுக் குறையுடன் வாழ்ந்தவர். பச்சிளங்குழந்தைகளின் அண்ண அறுவையை அச்சமின்றிச் செய்ய முடிந்ததில் இந்தச் சிறு குழாயின் பங்கு எந்தத் தையல் முறையின் பங்குக்கும் குறைந்ததன்று.

4. முகமா, பேச்சா?

பின்னுக்குத் தள்ளும் முறைக்கு ஒரு விலை இருந்தது. மடலை நகர்த்திய இடத்தில் எலும்பு வெறுமையாக நிற்கிறது. அவ்விடம் தழும்பாக ஆறுகிறது, தழும்பு சுருங்குகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மேல்தாடையை அது பின்னிழுக்கிறது. 1949இல் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் கிரேபர், இளவயதில் அறுவை செய்யப்பட்டவர்களின் மேல்தாடை வளர்ச்சி குன்றியிருப்பதைச் சுட்டிக்காட்டி, அறுவையைத் தள்ளிப்போடுமாறு வலியுறுத்தினார். அதற்கு முன்பே, 1944 முதல், ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்வெகென்டீக் வேறொரு வழியை மேற்கொண்டிருந்தார். அவர் மெல்லண்ணத்தை மட்டும் முதலில் தைத்தார். வல்லண்ணப் பிளவைத் தகட்டால் மறைத்துப் பல்லாண்டுகள் கழித்தே மூடினார்.

மார்பர்க் நோயாளிகளை 1980களில் பார்டக் குழுவினர் ஆராய்ந்தபோது, முக வளர்ச்சி நன்றாக இருந்தது. ஆனால் பலருக்கு மெல்லண்ணம் குட்டையாகவும் அசைவு குறைந்தும் இருந்தது. பேச்சில் மூக்கொலி மிகுந்திருந்தது. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க நேரிட்டது.

இந்த இழப்பின் கடைசி எல்லையைக் காட்டியது இலங்கை. 1980களில் பிரித்தானியப் பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் வழிநடத்திய இலங்கைத் திட்டத்தில், அறுவையே பெறாமல் வளர்ந்து இளைஞர்களான பலர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருபக்க உதட்டு–அண்ணப் பிளவு கொண்டவர்களைப் பற்றி 1990இல் மார்சும் ஹூஸ்டனும் வெளியிட்ட ஆய்வு, அறுவை படாத மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளர்கிறது என்று காட்டியது. வளர்ச்சிக் குறைவுக்குப் பிளவு காரணமன்று, அறுவையே பெருங்காரணம் என்பது உறுதிப்பட்டது. அதே ஆண்டில், அதே திட்டத்தின் இளம்பருவத்தினரைப் பற்றி டெபி செல், பமீலா கிரன்வெல் ஆகிய பேச்சறிஞர்கள் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். காலங்கடந்து அண்ணம் தைக்கப்பட்டவர்களுக்குப் பேச்சில் கிடைத்த பயன் மிகக் குறைவு. குரல்வளை வெடிப்பொலிகள் அவர்களுடைய மொழியாகவே ஆகிவிட்டிருந்தன.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பணக்கார நாடுகளில் நடத்தவே முடியாத ஒரு சோதனையை, அறுவை கிடைக்காத வறுமை நடத்திக்கொடுத்தது. அந்த இளைஞர்களின் முகங்கள் உலகுக்குக் கற்பித்த பாடத்துக்கு அவர்கள் தம் பேச்சையே விலையாகக் கொடுத்திருந்தனர். தெற்காசியாவில் கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததால்தான் பிளவு ஏற்பட்டது என்று தாயைப் பழிக்கும் நம்பிக்கை பரவலாக உள்ளது. குழந்தையை வீட்டினுள் ஒளித்துவைக்கும் வெட்கத்துக்கு அப்பழியே வித்து. காலத்தாழ்ச்சி என்பது மருத்துவச் சொல்லாகத் தோன்றினாலும் அதனுள்ளே பேருந்துக் கட்டணமும் தினக்கூலி இழப்பும் இத்தகைய பழியும் அடங்கியிருக்கின்றன.

5. தசையின் காலம்

முகத்தைக் காக்கவும் பேச்சை மீட்கவும் ஒருசேர வழியுண்டா? விடை, தைக்கும் பரப்பிலிருந்து தசைக்குக் கவனம் திரும்பியபோது கிடைக்கத் தொடங்கியது. 1969இல் ஜெர்மானியரான ஓட்டோ கிரீன்ஸ், வோ விவரித்த அந்தத் தவறான தசைப்போக்கைத் திருத்துவதையே அறுவையின் மையமாக்கினார். அண்ணத்தை உயர்த்தும் தசைகளை வல்லண்ண விளிம்பிலிருந்து விடுவித்து, பின்னோக்கித் திருப்பி, நடுவே ஒன்றோடொன்று இணைத்தார். அண்ணத்தை இழுத்து நீட்டுவதைவிட, அதை உயர்த்தும் கயிற்றைச் சரியான இடத்தில் கட்டுவதே முக்கியம் என்பது இதன் அடிப்படை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த லியனார்டு ஃபர்லோ 1986இல் வெளியிட்ட முறை இரண்டையும் ஒருசேரச் செய்ய முயன்றது. வாய்ப்பக்க அடுக்கிலும் மூக்குப்பக்க அடுக்கிலும் எதிரெதிர்த் திசையில் ‘இசட்’ வடிவக் கீறல்கள் இடப்படுகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் தசை, பின்னோக்கித் திரும்பும் மடலோடு செல்கிறது. மடல்கள் இடம் மாறும்போது மெல்லண்ணம் நீள்கிறது. தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து குறுக்குப் பட்டையாகின்றன. நேர்க்கோட்டுத் தழும்பு சுருங்கி அண்ணத்தைக் குட்டையாக்கும் ஆபத்தும் குறைகிறது. ஆனால் அகன்ற பிளவில் மடல்கள் இறுக்கமாகித் துளை விழ வாய்ப்புண்டு. பிரித்தானியாவின் பிரையன் சாமர்லாட் 2003இல் விளக்கிய முறை, அறுவை நுண்ணோக்கியின் துணையுடன் தசையை மிக நுட்பமாகப் பிரித்துப் பின்னே கொண்டுசெல்கிறது. இயன்ற இடங்களில் பக்கக் கீறல்களைத் தவிர்த்து, வெறுமையான எலும்புப் பரப்பைக் குறைக்கிறது.

நான்கு முறைகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் அவற்றின் தருக்கம் புலப்படும். லாங்கன்பெக் முறை துளையை மூடுகிறது, வெறுமையாகும் எலும்பு குறைவு, நீளம் சேர்வதில்லை. வோ–வார்டில்–கில்னர் முறை நீளத்தைச் சேர்க்கிறது; தழும்பும் மிகுகிறது. ஃபர்லோ முறை மெல்லண்ணத்தின் உள்ளிருந்தே நீளத்தை எடுக்கிறது. பிளவின் அகலம் அதற்கு எல்லையிடுகிறது. கிரீன்சும் சாமர்லாட்டும் தசையின் திசையை முதன்மைப்படுத்துகின்றனர். அறுவையாளரின் கைத்திறனும் பயிற்சியும் விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. நடைமுறையில் இவை கலந்தே கையாளப்படுகின்றன. லாங்கன்பெக் மடல்களோடு கிரீன்சின் தசைச் சீரமைப்பைச் சேர்ப்பது இயல்பான ஒன்று.

6. ஒப்பீட்டின் சான்றுகள்

எது சிறந்தது என்பதை நெடுங்காலம் அறுவையாளரின் புகழே முடிவுசெய்தது. குலுக்கல் முறையில் குழந்தைகளைப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் அண்மைக் காலத்தவை. பிரேசிலின் பவுரு நகரில், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடந்த பெரிய ஆய்வு ஃபர்லோ முறையையும் லாங்கன்பெக் முறையையும் ஒப்பிட்டது. 2011இல் வெளியான முடிவின்படி, பேச்சின்போது மூக்குவழி அடைபடுவதில் ஃபர்லோ முறை முந்தியது. அண்ணத்தில் துளை விழுவதும் அம்முறையில்தான் மிகுந்திருந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளும் பிரிட்டனும் இணைந்து 10 மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017இல் வந்தன. வல்லண்ணத்தை 12 மாதத்தில் மூடுவதையும் 36 மாதத்தில் மூடுவதையும் ஒப்பிட்ட பிரிவில், காத்திருந்த குழந்தைகளிடம் மெய்யொலிப் பிழைகள் மிகுந்து தென்பட்டன.

2023இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட ஆய்வு, முறையை ஒன்றாக நிறுத்தி வயதை மட்டும் ஒப்பிட்டது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள 23 மையங்களில், உதட்டுப் பிளவின்றி அண்ணப் பிளவு மட்டும் கொண்ட 558 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். சாமர்லாட் முறையில் ஒரு பிரிவினருக்கு 6 மாதத்திலும் மறு பிரிவினருக்கு 12 மாதத்திலும் அறுவை செய்யப்பட்டது. 5 வயதில் மூக்குவழி அடைப்புக் குறை முதற்பிரிவில் 8.9 விழுக்காடாகவும், இரண்டாம் பிரிவில் 15.0 விழுக்காடாகவும் இருந்தது.

இவ்வாய்வுகள் அனைத்திலும் முதன்மை அளவுகோல்களுள் ஒன்று, பயிற்சி பெற்ற காது குழந்தையின் பேச்சைக் கேட்டு அளிக்கும் மதிப்பெண். 1931இல் வோவின் நூலில் துணைத்தலைப்பாக நின்ற ஒலியியல், இங்கே தீர்ப்பளிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் அடுத்த வினா தவிர்க்க இயலாதது: கேட்பது எந்த மொழியில்?

7. மைசூரு: காதின் நிறுவனம்

மைசூரு நிறுவனத்துக்கு 1966இல் குடியரசுத் தலைவர் ச. இராதாகிருஷ்ணன் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டிலேயே முதுநிலைப் படிப்பும் தொடங்கியது. 1969இல் இதே நகரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றி, தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளுக்கு ஒலியியல் வாசகங்களை வெளியிடலாயிற்று. மொழியின் ஒலிகளை விவரிக்கும் நிறுவனமும், அவ்வொலிகளை இழந்தவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் நிறுவனமும் மானசகங்கோத்ரியில் அருகருகே அமைந்தது இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண இயலாத சூழல்.

பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் வாய்–முக அமைப்புக் குறைபாடுகளுக்கெனத் தனிப்பிரிவு இயங்குகிறது. ஒட்டறுவை மருத்துவர், பல் மருத்துவர், பேச்சு–மொழி நோயியலாளர் ஆகியோர் ஒரே குழந்தையைச் சேர்ந்து பார்க்கின்றனர். மறு அறுவை தேவையா, அண்ணத்தை உயர்த்திப் பிடிக்கும் செயற்கைத் தகடு போதுமா, பயிற்சி மட்டுமே போதுமா என்பது அங்கே பேச்சைக் கேட்ட பிறகே முடிவாகிறது. மூக்கின் வழியும் வாயின் வழியும் வரும் ஒலியாற்றலைத் தனித்தனியே அளந்து விகிதம் காட்டும் கருவி அமெரிக்காவில் உருவானது. அதற்குரிய சோதனைப் பத்திகள் ஆங்கிலத்தில் இருந்தன. மைசூரு ஆய்வாளர்கள் மூக்கொலியே இல்லாத கன்னட வாக்கியங்களையும், மூக்கொலி நிறைந்த கன்னட வாக்கியங்களையும் அமைத்து, இயல்பான பேச்சாளர்களுக்குரிய அளவுகளை நிறுவினர். அயல்மொழி அளவுகோலைக் கொண்டு கன்னடக் குழந்தையைக் குறையுள்ளது என்றோ, குறையற்றது என்றோ சொல்லிவிடும் பிழை இதனால் தவிர்க்கப்பட்டது.

இது நுணுக்கத்துக்காக மட்டும் செய்யப்பட்ட பணியன்று. பேச்சுத் தமிழை எடுத்துக்கொண்டால் இதன் தேவை விளங்கும். ‘அவன்’, ‘வந்தேன்’, ‘மரம்’ ஆகிய சொற்களின் இறுதி மெல்லினம் பேச்சில் மறைந்து, முன்னுள்ள உயிர் மூக்கொலிச் சாயல் பெறுகிறது. இது நோயன்று, தமிழின் இயல்பு. தமிழறியாத காது இதைக் குறை எனக் கணக்கிடக்கூடும். மறுபுறம், தமிழில் உயிர்களுக்கிடையே வரும் ஒற்றை வல்லினம் மெலிந்து ஒலிக்கிறது. ‘அகம்’ என்பதிலுள்ள ககரம் அதிக அழுத்தத்தைக் கோருவதில்லை. அத்தகைய சொற்களைக் கொண்டு சோதித்தால் உண்மையான குறை மறைந்துவிடும். ‘சட்டை’, ‘பத்து’, ‘தாத்தா’, ‘காக்கா’ போன்ற இரட்டித்த வல்லினச் சொற்களே அண்ணத்தின் வலிமையைக் காட்டும். மெல்லினமில்லாத தமிழ் வாக்கியம் அமைப்பதும் எளிதன்று. தன்மை ஒருமை, ஆண்பால் வினைமுற்றுகள் னகரத்தில் முடிகின்றன. ‘தாத்தா கடைக்குப் போகிறார்’ என்பது தேறும். ‘தம்பி கடைக்குப் போகிறான்’ என்பது தேறாது. சந்தி, ஒலித்திரிபு, வட்டார வழக்கு ஆகியவற்றை அறிந்தவரே இத்தகைய சோதனையை வடிவமைக்க முடியும்.

தென்னிந்தியாவில் அறுவையின் பக்கமும் வலுவாகவே வளர்ந்தது. 1959 முதல் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஹிர்ஜி அடென்வாலா, ஏழைக் குழந்தைகளுக்கான பிளவு அறுவையை வாழ்நாள் பணியாக்கினார். 2000க்குப் பின் தொண்டு நிறுவனங்களின் நிதியால் இலவச அறுவை பல நகரங்களில் கிடைக்கலாயிற்று. ஆயினும் அறுவை ஒரு நாளில் முடிவது. பேச்சுப் பயிற்சி பல மாதங்கள் நீள்வது. தைக்கப்பட்ட குழந்தை ஊர் திரும்பியபின் அதன் பேச்சை யார் கேட்பது என்ற வினா எஞ்சியது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் திருவண்ணாமலை மாவட்டத்தில் சமுதாயப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, பேச்சுப் பயிற்சியைக் கிராமங்களுக்கே கொண்டுசென்றது இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட ஒரு விடை.

8. ஒப்பிடும்போது எதை ஒப்பிடுகிறோம்?

இருநூறு ஆண்டு வரலாற்றிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, அறுவை முறைகளின் வரிசை ‘பழையது தவறு, புதியது சரி’ என்ற நேர்க்கோட்டில் செல்லவில்லை. வெற்றி என்பதன் பொருள் மாறியபோதெல்லாம் முறை மாறியது. துளை அடைபடுவது வெற்றியாக இருந்தபோது லாங்கன்பெக் போதுமானவர். எட்டும் நீளம் வெற்றியானபோது வார்டில்லும் கில்னரும் வந்தனர். முகம் கேள்விக்குள்ளானபோது ஷ்வெகென்டீக் காத்திருந்தார். இயங்கும் தசையே வெற்றி என்றானபோது கிரீன்சும் ஃபர்லோவும் சாமர்லாட்டும் முன்னே வந்தனர்.

இரண்டாவது, 6 மாதத்தில் அறுவை செய்வது நல்லது என்ற 2023ஆம் ஆண்டு முடிவை இந்தியாவுக்கு அப்படியே பெயர்த்து நட இயலாது. அந்த ஆய்வில் இடம்பெற்றவை அறுவைக்கு உடல்தகுதி பெற்ற குழந்தைகள். மையங்களில் குழந்தை மயக்கவியல் வசதி இருந்தது. இங்கே பால் குடிக்க இயலாமல் எடை குறைந்து, சோகையுடன் வரும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது ஊட்டம். தாய்க்குக் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலூட்டும் முறையைப் பிறந்த வாரத்திலேயே கற்றுத்தரும் செவிலியர், அறுவையின் நாளை முன்னே கொண்டுவருகிறார்.

மூன்றாவது, மொழியியலுக்கு இவ்வரலாற்றில் ஓரத்து இருக்கை இல்லை, நடுவே இடமுண்டு. ருஸ்லோவின் மாணவி வோவின் அறுவைக்கூடத்துக்குக் கொண்டுசென்ற அறிவு, இன்று ஒவ்வோர் இந்திய மொழிக்கும் தனித்தனியே தேவைப்படுகிறது. கன்னடத்துக்கு மைசூருவில் செய்யப்பட்டதுபோல், தமிழின் வட்டார வழக்குகளுக்கும் படுக மொழி, இருளர் மொழி போன்றவற்றுக்கும் சோதனைச் சொற்பட்டியலும் இயல்பு அளவுகளும் உருவாக வேண்டும். ஒலியனியல் வகுப்பில் குறைந்தபட்ச இணை என்று எழுதிப் பழகும் ப–ம வேறுபாடு, அண்ணம் தைக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கான உழைப்பின் பயன். அந்தக் குழந்தை எந்த மொழியில் தன் தந்தையை அழைக்கிறதோ, அந்த மொழியில்தான் அறுவை வெற்றி பெற்றதா என்பதை அளக்க முடியும்.